பகல் தூக்கத்துக்கு எந்த மாத்திரை?

இரவில் போதிய நேரம் படுத்திருந்தும் பகலில் கண் சொக்குகிறவர்களுக்கு, விழிப்பைக் கூட்டவென்றே மருத்துவர்கள் எழுதித் தரும் மருந்துகள் இன்று ஆறேழு உள்ளன. மோடாஃபினில், ஆர்மோடாஃபினில், மெத்தில்ஃபெனிடேட், சொல்ரியம்ஃபெட்டால், பிடோலிசன்ட், சோடியம் ஆக்ஸிபேட் ஆகியவை அவற்றில் முக்கியமானவை. முதல் இரண்டும்தான் இந்திய மருந்துக்கடைகளில் பரவலாகப் புழங்குகின்றன. இவற்றில் எது பலமானது என்றுதான் நோயாளிகள் பெரும்பாலும் முதலில் கேட்பார்கள். மருத்துவருக்கோ அதற்கு முன் தெரிய வேண்டியவை இரண்டு: தூக்கம் எதனால் வருகிறது, மாத்திரை போய்ச் சேரப்போகும் உடம்பு எப்படிப்பட்டது. இந்த இரண்டுக்கும் விடை கிடைத்துவிட்டால் பட்டியல் தானாகவே சுருங்கிவிடும். பலம் பற்றிய கேள்வி கடைசியில்தான் வரும்.

இந்த மருந்துகள் முக்கியமாக மூன்று கோளாறுகளுக்குத் தரப்படுகின்றன. முதலாவது, உறக்க மூச்சுத்தடை. தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடும். ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறையும். மூளை ஒரு கணம் விழித்து மூச்சை மீட்கும். ஒரே இரவில் இப்படிப் பல நூறு முறைகூட நடக்கலாம். படுத்தவருக்குக் காலையில் ஒன்றும் நினைவிருக்காது. பக்கத்தில் படுப்பவருக்குக் குறட்டையும், குறட்டை திடீரென்று நின்றுபோகும் அச்சமூட்டும் இடைவெளியும் நன்றாகவே தெரியும். இரண்டாவது, நார்கோலெப்ஸி. மூளையில் விழிப்பைத் தாங்கிப் பிடிக்கும் ஏற்பாடே பழுதாகி, பேசிக்கொண்டிருக்கும்போதும் சாப்பிடும்போதும் தூக்கம் வந்து விழும் நோய் இது. சிலருக்கு வாய்விட்டுச் சிரித்தால் முழங்கால் மடங்கும், தாடை தொங்கும், நினைவு மட்டும் தெளிவாக இருக்கும். இதற்குக் கேட்டப்ளெக்ஸி என்று பெயர். தூங்கி விழிக்கும் நேரத்தில் கைகால் அசையாமல் கிடப்பதும் இந்த நோயில் உண்டு. ஊரில் அதை அமுக்குவான் பேய் என்பார்கள். எப்போதாவது ஒருமுறை அது யாருக்கும் வரலாம்; பகல் தூக்கத்தோடு சேர்ந்து அடிக்கடி வந்தால் நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மூன்றாவது, இரவுப்பணியால் வரும் தூக்கக் கோளாறு.

மூன்றாவதற்கு ஆரியசாலை நல்ல எடுத்துக்காட்டு. திருவனந்தபுரத்தின் சாலைக் கடைத்தெருவை ஒட்டிய இந்தப் பகுதி, நவராத்திரிக்குக் குமாரகோவிலிலிருந்து எழுந்தருளும் வேளிமலை முருகன் தங்கும் இடம் என்பதால் குமரி மாவட்டத்தாருக்குப் பழகிய பெயர். தமிழ்நாட்டுக் காய்கறியும் மளிகையும் இந்தச் சந்தைக்கு லாரியில்தான் வந்து சேர்கின்றன. ஓட்டுநர் இரவெல்லாம் விழித்திருந்தாக வேண்டும். சுமை இறக்குகிறவர் விடியுமுன் எழுந்தாக வேண்டும். நகரின் மறுபுறம், 1990-இல் தொடங்கிய டெக்னோபார்க்கில் அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்ப்பவர்களுக்கும் இதே தொல்லைதான். உடம்பின் உள்கடிகாரம் தூங்கு என்று சொல்லும் வேளையில் விழித்திருந்து, விழித்திரு என்று சொல்லும் வேளையில் படுக்கிறார்கள். எல்லாரும் இதற்கு ஒத்துப்போவதில்லை. மாதக்கணக்கில் ஒத்துப்போகாதவர்களுக்கே கோளாறு என்ற பெயர் பொருந்தும்.

கண் சொக்குவது எல்லாமே இந்த மூன்றில் அடங்கிவிடாது. தைராய்டு குறைவு, ரத்தசோகை, மனச்சோர்வு, சளிக்கும் அரிப்புக்கும் தின்னும் மாத்திரைகள் என்று பட்டியல் நீளும். எல்லாவற்றையும்விடப் பொதுவான காரணம் தூக்கம் போதாமைதான். இரவு ஒரு மணி வரை கைப்பேசியைப் பார்த்துவிட்டு ஐந்தரைக்கு எழுகிறவருக்கு எந்த மாத்திரையும் தேவையில்லை.

காரணத்தைக் கண்டுபிடிக்கும் வழி ஒரு காகிதத்தில் தொடங்குகிறது. மெல்போர்ன் எப்வர்த் மருத்துவமனையின் மருத்துவர் மர்ரே ஜான்ஸ் 1991-இல் வெளியிட்ட எப்வர்த் அளவுகோலில் எட்டுச் சூழ்நிலைகள் இருக்கும். புத்தகம் படிக்கையில், தொலைக்காட்சி பார்க்கையில், பயணத்தில், சிக்னலில் வண்டி நிற்கையில் என்று ஒவ்வொன்றிலும் தூங்கிவிடும் வாய்ப்புக்குச் சுழியம் முதல் மூன்று வரை மதிப்பெண். மொத்தம் 24, பத்தைத் தாண்டினால் மேலும் சோதிக்க வேண்டும். அடுத்து, ஓர் இரவு ஆய்வகத்தில் படுக்கவைத்து மூளை அலை, மூச்சு, ஆக்ஸிஜன், இதயத்துடிப்பு ஆகியவற்றைப் பதிவு செய்வார்கள். நார்கோலெப்ஸி என்ற ஐயம் இருந்தால் மறுநாள் பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை குட்டித்தூக்கம் போடச் சொல்லி, எத்தனை நிமிடத்தில் தூங்குகிறார் என்று அளப்பார்கள். சராசரி எட்டு நிமிடமோ அதற்குக் குறைவோ ஆகி, இரண்டு முறையாவது கனவுத்தூக்கம் சட்டென்று வந்துவிட்டால் நோய் ஏறக்குறைய உறுதி. ஆரியசாலைக்காரர் இதற்காக வெளியூர் போக வேண்டியதில்லை. நகரின் மருத்துவக் கல்லூரி வளாகத்தை ஒட்டியே, 1980-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையம் இருக்கிறது; அதன் நரம்பியல் துறையில் தூக்கக் கோளாறுகளுக்கென்று ஒரு மையமும் இயங்குகிறது.

மருந்துகளுக்கு வருமுன் மூளையைப் பற்றி ஒரு பத்தி. விழித்திருப்பது மூளை சும்மா இருக்கும் நிலை அன்று. டோபமின், நார் அட்ரினலின், ஹிஸ்டமின் முதலான வேதிப்பொருள்கள் இடைவிடாமல் சுரந்து பெருமூளையைத் தட்டிக்கொண்டே இருந்தால்தான் விழிப்பு நிலைக்கும். அந்தச் சுரப்பு நிலையங்கள் எல்லாவற்றையும் ஒருங்கே ஊக்குவது ஓரெக்ஸின். இதைச் சுரக்கும் நரம்பணுக்கள் மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் சில பத்தாயிரமே உள்ளன. 1998-இல் இரண்டு ஆய்வுக்குழுக்கள் தனித்தனியே ஓரெக்ஸினைக் கண்டுபிடித்தன. மறு ஆண்டு, நார்கோலெப்ஸி உள்ள டாபர்மேன் நாய்களில் அதன் ஏற்பியில் மரபணுப் பிழை இருப்பது தெரிந்தது. 2000-இல், மனித நோயாளிகளின் மூளையில் ஓரெக்ஸின் அணுக்களே பெரும்பாலும் அழிந்துபோயிருப்பது தெரியவந்தது. தேநீரும் காப்பியும் வேலை செய்வது வேறோர் இடத்தில். விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் சேரும் அடினோசின்தான் தூக்கத்தை அழைப்பது. காஃபின் அதன் இருக்கையில் போய் உட்கார்ந்துகொள்ளும். நார்கோலெப்ஸிக்கு அது போதாது.

மிகப் பழைய மருந்து எஃபெட்ரின். 1930-களின் தொடக்கத்தில் நார்கோலெப்ஸிக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1935-இல் ஆம்ஃபெட்டமின் வந்தது. டோபமினையும் நார் அட்ரினலினையும் நரம்பு முனையிலிருந்து வாரி இறைக்கும் மருந்து அது. விழிப்பு வரும், கூடவே படபடப்பு, பசியின்மை, ரத்த அழுத்தம், அடிமைப்பழக்கம் எல்லாம் வரும். மெத்தில்ஃபெனிடேட்டை 1944-இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தில் லியாண்ட்ரோ பனிசோன் முதலில் தயாரித்தார்; மனைவியின் செல்லப்பெயரை ஒட்டி அதற்கு ரிட்டலின் என்று பெயர் வைத்தார். இது வாரி இறைக்காது. சுரந்த டோபமின் திரும்ப உறிஞ்சப்படுவதைத் தடுக்கும். சில மணி நேரமே வேலை செய்வதால் சாதாரண மாத்திரையைப் பகலில் இரண்டு மூன்று வேளை சாப்பிட வேண்டும். இந்தியாவில் இது மருந்துச் சட்டத்தின் ‘எக்ஸ்’ அட்டவணையில் இருக்கிறது. மருத்துவர் சீட்டை இரட்டையாக எழுத வேண்டும். ஒரு படியைக் கடைக்காரர் இரண்டு ஆண்டு பத்திரமாக வைத்திருக்க வேண்டும். அதனால் பல கடைகள் இதை வாங்கி வைப்பதே இல்லை. பெரும்பாலும் கவனக்குறைவுக் கோளாறுள்ள குழந்தைகளுக்காக எழுதப்படும் இந்த மருந்து, நார்கோலெப்ஸியில் மற்றவை உதவாதபோது இன்றும் கைகொடுக்கிறது.

நிலைமையை மாற்றியது மோடாஃபினில். 1970-களில் பிரான்சின் லஃபோன் ஆய்வகத்தில் உருவான சேர்மங்களின் வழித்தோன்றல் இது. தூக்க ஆய்வின் முன்னோடிகளில் ஒருவரான லியோன் நகரத்து மிஷேல் ஷூவே இதை நோயாளிகளிடம் சோதித்தார். 1994-இல் பிரான்சில் விற்பனைக்கு வந்தது; 1998 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. முதலில் நார்கோலெப்ஸிக்கு மட்டும் என்றிருந்த அமெரிக்க அனுமதி, சில ஆண்டுகளில் உறக்க மூச்சுத்தடைக்கும் இரவுப்பணிக் கோளாறுக்கும் விரிந்தது. ஆம்ஃபெட்டமினைப் போல மனத்தை ஏற்றிவிடாமல், படபடப்பும் அதிகம் இல்லாமல் விழிப்பைத் தருவதே இதன் கவர்ச்சி. எப்படி வேலை செய்கிறது என்பது நெடுநாள் புதிராக இருந்தது. இதுவும் டோபமின் மறு உறிஞ்சலையே, ஆனால் மென்மையாக, தடுக்கிறது என்று 2009-இல் மூளைப் படங்கள் காட்டின. அடிமைப்படுத்தவே செய்யாத மருந்து என்ற பேச்சு அதோடு அடங்கியது.

வழக்கமான அளவு காலையில் 200 மில்லிகிராம். உடம்பில் பாதி குறையவே பன்னிரண்டு முதல் பதினைந்து மணி நேரம் ஆகும். மதியத்துக்கு மேல் சாப்பிட்டால் இரவுத் தூக்கம் போச்சு. இரவுப்பணிக்காரர் வேலைக்குப் போக ஒரு மணி நேரம் முன்பு சாப்பிட வேண்டும். அதிகமாகக் காணும் பக்கவிளைவு தலைவலி. குமட்டல், பதற்றம், தூக்கமின்மை அடுத்து வரும். அரிதாகத் தோல் உரிந்து கொப்பளிக்கும் கடுமையான ஒவ்வாமை வரும். உடம்பில் தடிப்போ வாயில் புண்ணோ கண்டால் மருந்தை உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். பெண்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய இரண்டு செய்திகள் இதில் உண்டு. கருத்தடை மாத்திரையை ஈரல் வேகமாகச் சிதைக்கும்படி மோடாஃபினில் தூண்டிவிடுவதால், மருந்து சாப்பிடும் காலத்திலும் நிறுத்திய பின் ஒரு மாதமும் வேறு தடுப்புமுறை வேண்டும். கருவில் குறைபாடு உண்டாக்கலாம் என்ற எச்சரிக்கையை ஐரோப்பிய அதிகாரிகள் வெளியிட்டிருப்பதால், கருவுற்றிருக்கும்போது இது ஆகாது. கடையில் அட்டையைக் கிழித்துத் தருகிறவர் இந்த இரண்டையும் சொல்வார் என்று எதிர்பார்க்க முடியாது. மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

ஆர்மோடாஃபினில் புதிய மருந்தா என்றால், பாதிதான். மோடாஃபினிலின் மூலக்கூறு வலக்கையும் இடக்கையும் போல இரண்டு வடிவங்களின் கலவை. ஒன்று நான்கைந்து மணி நேரத்தில் பாதியாகிவிடும். மற்றது பதினைந்து மணி நேரம் நிற்கும். நீடித்து நிற்பதை மட்டும் பிரித்தெடுத்ததுதான் ஆர்மோடாஃபினில். அமெரிக்க அனுமதி 2007-இல் கிடைத்தது. அளவு 150 மில்லிகிராம். தேவைப்பட்டால் 250 வரை. பகலின் பிற்பகுதியில் இதன் அளவு ரத்தத்தில் சற்று உயரமாக நிற்கும் என்பது உண்மை. அந்த உயரம் நோயாளிக்கு உதவுகிறதா என்பதை நேருக்கு நேர் பார்த்த ஆய்வு இந்தியாவில் நடந்தது. இரவுப்பணிக் கோளாறுள்ள 211 பேர், பல மையங்கள், பன்னிரண்டு வாரம். ஒரு பகுதியினருக்கு ஆர்மோடாஃபினில் 150, மற்றவர்களுக்கு மோடாஃபினில் 200. யாருக்கு எது என்று மருத்துவருக்கும் தெரியாது. 2011-இல் வெளியான முடிவு: முதல் மருந்தில் 72 விழுக்காட்டினரும் இரண்டாவதில் 74 விழுக்காட்டினரும் தேறினார்கள். வித்தியாசம் இல்லை என்றே பொருள். மருந்தே இல்லாத போலி மாத்திரை வாங்கிய குழு ஒன்று இந்த ஆய்வில் இல்லாததால், தேறியதில் எவ்வளவு மருந்தால் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. இரண்டில் ஒன்றைப் புதியது என்பதற்காகக் கூடுதல் விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை என்று மட்டும் தயங்காமல் சொல்லலாம்.

சொல்ரியம்ஃபெட்டாலுக்கு 2019 மார்ச்சில் அமெரிக்க அனுமதி கிடைத்தது. டோபமின், நார் அட்ரினலின் இரண்டின் மறு உறிஞ்சலையும் தடுப்பது இது. ஏழு மணி நேரத்தில் பாதியாகிவிடும். ஈரலைத் தொடாமல் பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகவே வெளியேறும். அதனால் கருத்தடை மாத்திரையோடு மோதாது. சிறுநீரகம் பழுதானவருக்கு அளவைக் குறைக்க வேண்டும். இதன் பலவீனம் ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் ஏறுவது. மூச்சுத்தடை நோயாளிகளில் பலர் ஏற்கெனவே ரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் என்பதை நினைத்தால் இது சின்ன விஷயம் இல்லை.

பிடோலிசன்டின் வழியே தனி. மூளையில் ஹிஸ்டமின் சுரப்புக்குத் தடை போடும் ஹெச்-3 ஏற்பியை இது அடக்குகிறது. தடை நீங்கியதும் ஹிஸ்டமின் தாராளமாகச் சுரக்கும். சளி மாத்திரை ஏன் தூங்கவைக்கிறது என்பதன் மறுபக்கம் இது. ஆகவே அந்த வகைச் சளி மாத்திரைகளை உடன் சாப்பிட்டால் பயன் குறையும். ஐரோப்பாவில் 2016-இலும் அமெரிக்காவில் 2019-இலும் அனுமதி பெற்றது. மற்றவற்றைப் போல் அமெரிக்காவின் போதைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இல்லாதது இதன் தனிச்சிறப்பு. கேட்டப்ளெக்ஸிக்கும் உதவும். முழுப் பயன் தெரியச் சில வாரம் பொறுக்க வேண்டும். இதயத்தின் மின்துடிப்பு இடைவெளியை நீட்டக்கூடியதால் சில இதய நோயாளிகளுக்கு ஆகாது. கருத்தடை மாத்திரை விஷயத்தில் மோடாஃபினிலுக்குச் சொன்ன எச்சரிக்கை இதற்கும் உண்டு.

சோடியம் ஆக்ஸிபேட் விசித்திரமானது: பகலில் விழிக்க இரவில் குடிக்கும் மருந்து. படுக்கும்போது ஒரு வேளை, இரண்டரை முதல் நான்கு மணி நேரம் கழித்து அலாரம் வைத்து எழுந்து மறு வேளை. ஆழ்ந்த தூக்கத்தைக் கூட்டி, பகல் தூக்கத்தையும் கேட்டப்ளெக்ஸியையும் ஒருசேரக் குறைக்கிறது. முழு அளவில் ஓர் இரவுக்கு ஒன்றரை கிராமுக்கு மேல் சோடியம் உள்ளே போகும் என்பதால் ரத்த அழுத்தக்காரருக்கு ஏற்றதன்று; சோடியம் குறைத்த வடிவம் 2020-இல் வந்தது. மதுவோடு சேர்ந்தால் மூச்சை நிறுத்திவிடக்கூடும்.

இனி பலம் பற்றிய கேள்வி. மூச்சுத்தடை நோயாளிகள் 3,000-க்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்ற 14 ஆய்வுகளை ஒன்றுசேர்த்த ஒப்பீடு 2023-இல் வெளியானது. நான்கு வார முடிவில் எப்வர்த் மதிப்பெண்ணைப் போலி மாத்திரையைவிட எவ்வளவு கூடுதலாக இறக்கின என்று பார்த்தால், சொல்ரியம்ஃபெட்டால் 3.85, பிடோலிசன்ட் வகை 2.78, மோடாஃபினிலும் ஆர்மோடாஃபினிலும் 2.25. மூன்றும் வேலை செய்கின்றன. சொல்ரியம்ஃபெட்டால் ஒரு படி மேல். நார்கோலெப்ஸியில் பிடோலிசன்டையும் மோடாஃபினிலையும் போலி மாத்திரையையும் ஒப்பிட்டு 2013-இல் வந்த ஐரோப்பிய ஆய்வில் இறக்கம் முறையே 5.8, 6.9, 3.4. இங்கே மோடாஃபினில் சற்று முன்னால். ஒரு நோயில் முந்துவது மற்றதில் முந்துவதில்லை என்பதோடு, போலி மாத்திரையே 3.4 இறக்கியிருப்பதையும் கவனிக்க வேண்டும். தம்மை யாரோ கவனிக்கிறார்கள் என்பதும் கொஞ்சம் விழிப்பைத் தருகிறது போலும். அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகத்தின் 2021 வழிகாட்டுதல், நார்கோலெப்ஸிக்கு மோடாஃபினில், பிடோலிசன்ட், சொல்ரியம்ஃபெட்டால், சோடியம் ஆக்ஸிபேட் நான்கையும் உறுதியாகப் பரிந்துரைக்கிறது; ஆர்மோடாஃபினில், மெத்தில்ஃபெனிடேட், ஆம்ஃபெட்டமின் வகையை நிபந்தனையோடு.

இரவுப்பணியில் கணக்கு இன்னும் சிக்கனமானது. 2005-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 209 பேர் கலந்துகொண்டார்கள். மருந்துக்கு முன் இரவு வேலை நேரத்தில் அவர்கள் படுத்த இரண்டே நிமிடத்தில் தூங்கினார்கள். மோடாஃபினிலுக்குப் பின் ஏறக்குறைய நான்கு நிமிடம். எட்டு நிமிடமே நோயின் எல்லை என்பதை நினைத்தால், மருந்துக்குப் பிறகும் அவர்கள் கடும் தூக்கத்தில்தான் இருந்தார்கள். வீடு திரும்பும் வழியில் விபத்தோ விபத்தை நெருங்கிய நிகழ்ச்சியோ நேர்ந்ததாகச் சொன்னவர்கள் போலி மாத்திரைக் குழுவில் 54 விழுக்காடு, மருந்துக் குழுவில் 29. இது பெரிய குறைவுதான். ஆனால் மருந்து சாப்பிட்டும் நூற்றில் 29 பேர் அப்படிச் சொல்கிறார்கள் என்பதை லாரி முதலாளிகள் படிக்க வேண்டும். ஐரோப்பிய மருந்து முகமை 2010-இல் நன்மை தீமைகளை எடைபோட்டு, மோடாஃபினிலை நார்கோலெப்ஸிக்கு மட்டும் வைத்துக்கொண்டு மூச்சுத்தடையிலிருந்தும் இரவுப்பணியிலிருந்தும் விலக்கச் சொன்னது. அமெரிக்காவில் அந்த அனுமதிகள் தொடர்கின்றன. அதே ஆய்வுகளைப் படித்த இரு அதிகாரங்கள் வேறு வேறு முடிவுக்கு வந்திருக்கின்றன.

மூச்சுத்தடையில் இந்த மாத்திரைகள் எதுவும் மூச்சுப்பாதையைத் திறப்பதில்லை. 1981-இல் சிட்னியின் காலின் சல்லிவன் அறிமுகப்படுத்திய, முகமூடி வழியே காற்றழுத்தம் தரும் சி-பாப் கருவிதான் முதல் மருத்துவம். எடை குறைப்பு அதோடு சேர வேண்டும். கருவியை ஒழுங்காக மாட்டிக்கொண்டும் தூக்கம் மிச்சமிருந்தால் மட்டுமே மாத்திரை. கருவியைக் கழற்றி வைத்துவிட்டு மாத்திரையில் ஓடுகிறவருக்குப் பகலில் கண் திறந்திருக்கும். இரவில் ஆக்ஸிஜன் குறைவது நிற்காது. இதயத்துக்கும் மூளை ரத்தக்குழாய்க்கும் நேரும் சேதமும் நிற்காது. மோசமான விளைவு இதுதான்: தூக்கம் என்ற ஒரே எச்சரிக்கை மணியும் ஓய்ந்துபோவதால், அவர் கருவியைத் திரும்ப எடுக்கவே மாட்டார்.

இந்தியாவில் மோடாஃபினில் ‘ஹெச்’ அட்டவணை மருந்து; சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களும் கணினி வேலைக்காரர்களும் அறிவைக் கூர்மையாக்கும் மாத்திரை என்று இதைத் தேடுவது உலகெங்கும் உண்டு. இந்தியாவில் தயாராகும் அட்டைகள் அந்தச் சந்தையில் பேர்பெற்றவை. தூக்கம் இழந்தவரை ஓரளவு மீட்பதைத் தாண்டி, நன்றாகத் தூங்கி எழுந்தவரின் அறிவுக்கு இது சேர்ப்பது மிகக் கொஞ்சம். விளையாட்டு வீரர்களுக்கு இது தடை செய்யப்பட்ட பொருள். 2003 பாரிஸ் உலகத் தடகளப் போட்டியில் 100 மீட்டரிலும் 200 மீட்டரிலும் வென்ற அமெரிக்காவின் கெல்லி வைட், சோதனையில் மோடாஃபினில் தெரியவந்த பிறகு பதக்கங்களை இழந்தார்.

அடுத்து வரவிருப்பது ஓரெக்ஸின் குறையை நேரடியாக நிரப்பும் மருந்து. ஓரெக்ஸினை மாத்திரையாகத் தந்தால் மூளைக்குள் போய்ச் சேராது. அதனால் அதன் ஏற்பியைத் தூண்டும் சிறு மூலக்கூறுகளை ஜப்பானின் டகேடா நிறுவனம் தேடியது. முதலில் மாத்திரையாகச் சோதித்த ஒன்று நன்றாக வேலை செய்தும், ஈரலைத் தாக்கியதால் 2021-இல் கைவிடப்பட்டது. அடுத்ததான ஓவெபோரெக்ஸ்டான், கேட்டப்ளெக்ஸியோடு வரும் நார்கோலெப்ஸி உள்ள 112 பேரிடம் எட்டு வாரம் சோதிக்கப்பட்டது. முடிவு 2025-இல் வெளியானது. விழித்திருக்கும் நேரம் இயல்பு நிலையை நெருங்கியது, கேட்டப்ளெக்ஸி குறைந்தது, ஈரல் பாதிப்பு காணப்படவில்லை. தூக்கமின்மையும் அடிக்கடி சிறுநீர் கழிக்கும் அவசரமும் பலருக்கு வந்தன. ஓரெக்ஸின் அணுக்களை இழந்தவர்களுக்காகவே இது செய்யப்பட்டது. குறட்டைக்காரருக்கும் இரவு லாரி ஓட்டுகிறவருக்கும் அந்த அணுக்கள் குறையவில்லை.